இரவல் சாமானில் வளர்ந்த ஆம்ப்

ராணிப்பேட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தோல் ஞாபகம் வரும். உள்ளூர்க்காரர்களுக்கு பி.ஹெச்.இ.எல். ஆலையும் சேர்ந்தே ஞாபகம் வரும். 1980-களிலிருந்து அங்கே அனல் மின்நிலையங்களுக்கான சாம்பல் பிடிப்பான்கள் தயாராகின்றன. புகைபோக்கிக்குப் போகிற வழியில் உயரமான இரும்புத் தகடுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, இடையிடையே கம்பி நிறுத்தி, கம்பிக்குப் பல்லாயிரம் வோல்ட் கொடுப்பார்கள். புகையில் வரும் சாம்பல் தூளில் மின்னூட்டம் ஏறும். தூள் நேராகத் தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். அவ்வப்போது சுத்தியல் அடித்து உதிர்த்துவிடுவார்கள். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பலாகவே இருப்பதால், இந்தக் கருவிக்கு இங்கே வேலை அதிகம்.

பல்லாயிரம் வோல்ட்டைச் சில நூறுக்கு இறக்கி, சாம்பலுக்குப் பதிலாக மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்றை வைத்துக் காதில் மாட்டிக்கொண்டால், அதுதான் நிலைமின் ஹெட்ஃபோன். பாட்டுப் பைத்தியங்கள் இதன் துல்லியத்துக்காகச் சொத்தை எழுதி வைக்கவும் தயாராக இருப்பார்கள். ஒரே சிக்கல், இதை மொபைலில் செருகினால் முனகக்கூடச் செய்யாது. இதற்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும். கடையில் வாங்கினால் விலை எகிறும் என்பதால், உலகம் முழுக்கப் பலர் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். அந்த வீட்டு ஆம்ப்பைத் திறந்து பார்த்தால், உள்ளே இதற்கென்றே பிறந்த பாகம் அநேகமாக ஒன்றும் இருக்காது. எல்லாம் வேறு யாரோ, வேறு எதற்கோ செய்தவை. முந்நூறு வருடமாக இது இரவல் சாமானிலேயே வளர்ந்த பிள்ளை.

வேலை செய்யும் விதம் சுலபம். சாதாரண ஹெட்ஃபோனில் காந்தமும், கம்பி சுற்றிய காயிலும் இருக்கும். இதில் இரண்டும் கிடையாது. துளை போட்ட இரண்டு தகடுகள், நடுவே ஓரிரு மைக்ரான் கனத்தில் ஒரு படலம், இருபுறமும் சுமார் அரை மில்லிமீட்டர் இடைவெளி. படலத்துக்கு நிரந்தரமாக ஒரு மின்னூட்டம். இன்று பரவலாக இருக்கும் அளவு 580 வோல்ட். பாட்டின் மின்னலை இரண்டு தகடுகளுக்கும் நேரெதிராகப் போகும். ஒரு தகடு இழுக்கும்போது மற்றது தள்ளும். ஊஞ்சலுக்கு இரண்டு பக்கமும் ஆள் நின்று தள்ளினால் எப்படியோ அப்படிப் படலம் ஆடும். கரண்ட் கொஞ்சம் போதும். வோல்ட்தான் நூற்றுக்கணக்கில் வேண்டும். திருவிழா மைக் செட் ஆம்ப்புக்கு இது நேர்மாறு.

முதல் இரவல் இலங்கையிலிருந்து வந்தது. 1703-ஐ ஒட்டி, டச்சுக் கம்பெனிக் கப்பல்களில் ஆம்ஸ்டர்டாமுக்கு டூர்மலின் கற்கள் போய்ச் சேர்ந்தன. இலங்கைக் கரையும் நாகப்பட்டினமும் பழவேற்காடும் அன்றைக்கு டச்சுக்காரர் கையில். அழகுக்காக வாங்கிய கல், அடுப்புக்குப் பக்கத்தில் சூடேறியதும் சாம்பலைத் தன்பக்கம் இழுத்தது. கொஞ்ச நேரத்தில் உதறித் தள்ளியது. டச்சுக்காரர்கள் அதற்குச் ‘சாம்பல் இழுப்பான்’ என்றே பெயர் வைத்தார்கள். 1717-ல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் லெமெரி என்பவர் ‘இலங்கைக் கல்’ என்று காட்டினார். லின்னேயஸ் அதை மின்சாரக் கல் என்றார். வியாபாரிகள் வைர வைடூரியக் கணக்கில் கொண்டுபோன சரக்கு, தெரியாமலே ஐரோப்பாவின் மின்சாரப் பித்துக்கு எண்ணெய் ஊற்றியது.

ராணிப்பேட்டை பிறந்த கதையும் அந்தக் காலத்தை ஒட்டியதுதான். செஞ்சியின் தேசிங்கு ராஜா 1714-ல் போரில் மாண்டான். உடன்கட்டை ஏறிய அவன் மனைவியின் நினைவாக ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாலாற்றங்கரையில் இந்தப் பேட்டையை அமைத்தார் என்பது வழிவழியாக வரும் பேச்சு.

அதே காலத்தில் லண்டனில் ஃபிரான்சிஸ் ஹாக்ஸ்பீ கண்ணாடி உருண்டையைச் சுழலவிட்டு, உள்ளங்கையை வைத்துத் தேய்த்து மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்தார். கை எவ்வளவு நேரம்தான் தாங்கும்? 1740-களில் லைப்ட்சிக் நகரின் விங்க்லர் கையை எடுத்துவிட்டு, தோல் போர்த்திய சிறு மெத்தை ஒன்றைக் கண்ணாடியோடு அழுத்தி வைத்தார். பிறகு லண்டனில் ஜான் கான்டன் ரசமும் வெள்ளீயமும் கலந்த கலவையைத் தேய்ப்பான்மேல் பூசினார். பொறி பல மடங்கு பலத்தது. ஆக, மின்சாரம் அறைக்குள் வந்த முதல் நூற்றாண்டில் அதை உற்பத்தி செய்ததில் பாதிப் பங்கு பதப்படுத்திய தோலுடையது. விட்டன்பர்க்கில் போஸே என்ற பேராசிரியர் ஒரு பெண்ணை மின்கடத்தாத மேடையில் நிறுத்தி மின்னூட்டம் ஏற்றி, முத்தமிட வருகிறவர்களின் உதட்டில் பொறி பறக்கவிட்டு விருந்துகளைக் கலகலப்பாக்கினார். இந்த யந்திரம் பிரபுக்கள் வீட்டுப் பொழுதுபோக்காகிக் கடல் தாண்டியது. தஞ்சை சரபோஜி மன்னர் சேர்த்து வைத்த ஐரோப்பியக் கருவிகளிலும் காற்றுப் பம்புக்குப் பக்கத்தில் ஒரு மின்பொறி இருந்தது.

1745-46-ல் இன்னொரு விபத்து. ஜாடித் தண்ணீருக்குள் மின்சாரத்தை விட்டுப் பார்த்த லைடன் நகரத்து ஆய்வாளர்கள், ஒரு கையில் ஜாடியும் மறு கையில் கம்பியுமாகத் தொட்டுவிட்டுத் தூக்கியெறியப்பட்டார்கள். இரண்டு கடத்திக்கு நடுவே ஒரு கடத்தாப் பொருள் இருந்தால் மின்னூட்டம் அடைந்து கிடக்கும் என்பது அந்த அடியில் தெரிந்தது. இன்று சென்னை ரிச்சி தெருவில் ‘கண்டென்சர்’ என்று கேட்டு வாங்குவது அந்த ஜாடியின் வாரிசைத்தான். நிலைமின் ஹெட்ஃபோனும் அதே வம்சம்: ஒரு பக்கச் சுவர் ஆடுகிற கண்டென்சர்.

அந்தச் சுவரை முதலில் காதருகே கொண்டுபோனவர் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் கல்லூரிப் பேராசிரியர் ஏமஸ் டால்பேர். சில்வண்டு கத்தும் வேகத்தை எண்ணி வெப்பநிலை சொல்லும் சூத்திரத்தை 1897-ல் எழுதியவரும் இவரேதான். 1881-ல் இவர் செய்த தொலைபேசி ரிசீவரில் காந்தம் இல்லை; நெருக்கமாக நிற்கும் இரண்டு உலோக வட்டுகள் மட்டும். காதில் வைத்தால் பேச்சு கேட்டது. ஆனால் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் கம்பெனி வழக்குப் போட்டது. 1888-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் பெல் பக்கம் தீர்ப்பளித்தது. காந்த ரிசீவர் உலகை ஆண்டது. கண்டென்சர் ரிசீவர் பரணுக்குப் போனது.

காதில் தோற்ற விசைக்குப் புகையில் வேலை கிடைத்தது. 1885-ல் ஆலிவர் லாட்ஜ் வேல்ஸ் நாட்டு ஈய உருக்காலை ஒன்றில் நிலைமின்சாரத்தால் புகையைப் பிடிக்கப் பார்த்தார். அன்றைய நிலைமின் யந்திரங்களின் மின்சாரம் பத்தவில்லை. இருபது வருடம் கழித்து, கலிபோர்னியாவில் ஃபிரெடரிக் கோட்ரெல் கந்தக அமில மூட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பஞ்சுநூல் சுற்றிய கம்பி ஒன்றைக் கவனித்தார். பிரிந்து நீட்டிக்கொண்டிருந்த நூல் நுனிகளிலிருந்து மின்சாரம் சீராகக் கசிந்து ஒளிர்ந்தது. வழவழப்பான கம்பியில் நடக்காதது, பிசிர் பிடித்த நூலில் நடந்தது. 1908-ல் காப்புரிமை, பிறகு அதன் வருமானத்தைத் தானே வைத்துக்கொள்ளாமல், 1912-ல் ஆராய்ச்சிக்குப் பணம் தரும் அமைப்பு ஒன்றைத் தொடங்கிக் கொடுத்துவிட்டார். கோட்ரெல் அமிலத்தோடு போராடத் தொடங்கிய அதே சமயத்தில், 1906-ல், பாரி கம்பெனி ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் உர ஆலையைத் தொடங்கியது. அந்த உரத்துக்கும் கந்தக அமிலம்தான் மூலப்பொருள். தோலைப் பதப்படுத்தும் தொட்டிக்கும் அது வேண்டும். கோட்ரெல்லின் கருவி இங்கே வந்து சேர மட்டும் இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆனது.

பரணிலிருந்த கண்டென்சரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார் இ.சி. வென்டி. மின்சாரத்தால் தகட்டை ஆட்டுவதற்குப் பதில், குரலால் தகட்டை ஆட்டி மின்சாரம் எடுத்தால் மைக் ஆகிவிடும். அமெரிக்க டெலிபோன் கம்பெனிக்காக 1916-17-ல் அவர் செய்த கண்டென்சர் மைக், வானொலி நிலையங்களையும் பேசும்படத்தையும் பிடித்துக்கொண்டது. சென்னைக்கு ஹெட்ஃபோன் மோகம் வந்ததும் அந்த வானொலியோடுதான். 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய மெட்ராஸ் மாகாண ரேடியோ கிளப் 40 வாட் ஒலிபரப்பியை வைத்து ஒலிபரப்பியது. படிகக்கல் ரேடியோ என்றால் பேட்டரிகூட வேண்டாம். காதில் ஹெட்ஃபோன் இருந்தால் போதும். மூன்று வருடத்தில் பணமில்லாமல் கிளப் மூடியது. ஒலிபரப்பி மாநகராட்சி கைக்குப் போய், 1930-லிருந்து மறுபடி பாடியது. காதில் மாட்டியதெல்லாம் காந்த ரகம்தான்.

1925-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ரைஸும் கெல்லாக்கும் நல்ல ஒலிபெருக்கியைத் தேடிப் பல வழிகளைச் சோதித்தார்கள். கண்டென்சர் வழியும் அதில் ஒன்று. கடைசியில் காயில்-காந்தம் ஜெயித்தது. இன்றும் ஆட்டோ முதல் சினிமா தியேட்டர் வரை அதன் சந்ததிதான் கத்துகிறது. கண்டென்சர் தோற்றதற்குக் காரணம் கொள்கைப் பிழை அல்ல. இலேசாகவும், கிழியாமலும், இழுத்துக் கட்டினால் விறைப்பாகவும் நிற்கிற படலம் அன்றைக்கு உலகத்திலேயே இல்லை.

அதைக் கொடுத்தது துணி ஆலை. 1941-ல் இங்கிலாந்தின் வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியெஸ்டரைக் கண்டுபிடித்தார்கள். நாம் டெரிலின், டெரிகாட்டன் என்று சட்டை தைத்துப் போட்ட அதே பொருள். அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி 1950-களில் அதைக் கண்ணாடிபோல மெல்லிய தாளாக்கி ‘மைலார்’ என்று விற்றது. சுற்றிக் கட்டவும் பேக்கிங்குக்கும் வந்த படலத்தை ஒலிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1957-ல் பீட்டர் வாக்கரின் குவாட் கம்பெனி, வீட்டு ஹீட்டர் போலத் தோன்றும் நிலைமின் ஒலிபெருக்கியை விற்பனைக்கு விட்டது. ஜப்பானில் மைக்கும் கிராமபோன் தலையும் செய்துகொண்டிருந்த ஸ்டாக்ஸ், 1960-ல் அதே தத்துவத்தைக் காதளவுக்குச் சுருக்கி எஸ்ஆர்-1 என்று விற்றது. டால்பேரின் வட்டுகள் எண்பது வருடம் கழித்துக் காதுக்குத் திரும்பின. 1968-ல் அமெரிக்காவின் காஸ் கம்பெனி இஎஸ்பி-6 கொண்டுவந்தது. படலத்துக்கு வேண்டிய வோல்ட்டைப் பாட்டின் சிக்னலிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும் கெட்டிக்கார ஹெட்ஃபோன் அது. டிரான்ஸ்ஃபார்மர்களைக் காதுக் கிண்ணத்திலேயே வைத்ததால் கழுத்து மட்டும் வலித்தது.

ஹெட்ஃபோன் கிடைத்தது; ஆம்ப்? இங்கேதான் வீட்டு மேசைக்காரர்கள் உள்ளே வருகிறார்கள். முதல் வழி குறுக்கு வழி: இருக்கிற ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பிப் போடுவது. பழைய வால்வு ரேடியோவில் உயர் வோல்ட்டை ஸ்பீக்கருக்காக இறக்கிக் கொடுத்த அதே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், தலைகீழாகப் போட்டால் ஸ்பீக்கர் வோல்ட்டை நூற்றுக்கணக்கில் ஏற்றிக் கொடுக்கும். ஸ்டாக்ஸே இந்த முறையில் எஸ்ஆர்டி-7 போன்ற பெட்டிகளை விற்றது.

படலத்துக்கு வேண்டிய 580 வோல்ட், அணுவைப் பிளந்தவர்களிடமிருந்து வந்த இரவல். 1932-ல் கேம்பிரிட்ஜில் காக்ராஃப்டும் வால்டனும் டயோடையும் கண்டென்சரையும் ஏணிப்படியாக அடுக்கி வோல்ட்டைப் படிப்படியாக ஏற்றி, லித்தியம் அணுக்கருவைப் பிளந்தார்கள். 1951-ல் நோபல் பரிசு. அந்த ஏணி நம் வீட்டிலும் இருக்கிறது. கொசு பேட்டைக் கழற்றினால் பச்சை போர்டில் வரிசையாக டயோடும் கண்டென்சரும் தெரியும். நிலைமின் ஆம்ப்பில் கூடுதலாக ஒன்று: ஏணியின் கடைசிப் படியில் பல மெகா ஓம் ரெசிஸ்டன்ஸ். மின்னூட்டம் படலத்துக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். காதருகே 580 வோல்ட் இருந்தும் ஆளுக்கு ஆபத்தில்லாமல் இருப்பதன் ரகசியம் இதுவே.

1991-ல் செனைசர் கம்பெனி ‘ஆர்ஃபியஸ்’ என்று 300 ஜோடி மட்டும் செய்தது, வால்வு ஆம்ப்போடு. ஏலக் கூடத்துக்கான சரக்கு. அதற்கு எதிர்த்திசையில் 2000-ஐ ஒட்டி அமெரிக்கரான கெவின் கில்மோர், வீட்டில் கட்டக்கூடிய நிலைமின் ஆம்ப்களின் சர்க்யூட் வரைபடங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வெளியிட்டார். ‘ப்ளூ ஹவாய்’ அதில் பேர்போனது. முன்பகுதி டிரான்சிஸ்டர், கடைசியில் இஎல்34 வால்வு. மார்ஷல் கிதார் ஆம்ப்புகளை உறுமவைத்த அதே வால்வு. ஸ்டாக்ஸ் 1990-களில் கொஞ்ச காலமே விற்ற டி2 ஆம்ப்பையும் அவர் திரும்ப வரைந்து, வீட்டுக்காரர்கள் செய்யும்படி ஆக்கினார். காப்பி எப்போதும் கம்பெனியிலிருந்து வீட்டுக்குத்தான் போகும் என்றில்லை. வீட்டு மேசையில் பிறந்த ப்ளூ ஹவாயைப் பிறகு ஹெட்ஆம்ப் என்ற நிறுவனம் செய்து விற்றது. ஸ்டாக்ஸ் கம்பெனியையே 2011-ல் சீனாவின் எடிஃபயர் வாங்கிவிட்டது.

வால்வு வேண்டாமென்றால் பல நூறு வோல்ட் தாங்கும் டிரான்சிஸ்டர் வேண்டும். அது டிவியிடமிருந்து வந்த இரவல். பழைய டியூப் டிவித் திரைமுன் கையை நீட்டினால் ரோமம் சிலிர்த்து நிற்கும். திரையில் தூசி அப்பிக்கொள்ளும். அந்த டிவிகளின் உயர் வோல்ட்டை ஆட்டி வைக்கத் தனி ரக டிரான்சிஸ்டர்களைச் செய்தார்கள். தோஷிபாவின் 2எஸ்சி4686 அப்படி டிவிக்காக வந்தது. நிலைமின் ஆம்ப்காரர்கள் அதைத் தத்தெடுத்தார்கள். 2006-க்குப் பிறகு தமிழக அரசு வீடு வீடாகக் கொடுத்த இலவசக் கலர் டிவிகளிலும், பிக்சர் டியூபின் கழுத்தில் மாட்டிய சின்ன போர்டில் உயர் வோல்ட் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. எல்ஈடி டிவி வந்ததும் இந்த ரகங்களின் உற்பத்தி நின்றது. கடைசி ஸ்டாக்கை ஆளாளுக்குப் பதுக்கினார்கள். பதுக்கல் இருக்கிற இடத்தில் போலி வராமல் இருக்குமா? வேறு ரகத்தின் எண்ணைச் சுரண்டிவிட்டு 4686 என்று அச்சடித்த சரக்கு சந்தைக்கு வந்தது. நம்மூர் ஆம்ப் கட்டுபவர்களுக்கு இது பழகிய வித்தை. 5200-1943 டிரான்சிஸ்டர் ஜோடியில் அசல் எது, டூப்ளிகேட் எது என்று எடையையும் எழுத்தையும் வைத்துச் சொல்லும் மெக்கானிக்குகள் எல்லா ஊரிலும் உண்டு.

ராணிப்பேட்டையில் ஒருவர் இன்றைக்கு இந்த ஆம்ப்பைக் கட்ட உட்கார்ந்தால், டிரான்ஸ்ஃபார்மரை ஊரிலேயே காயில் கட்டும் கடையில் சொல்லிச் சுற்றிக்கொள்ளலாம். டயோடு, கண்டென்சர், வால்வு சாக்கெட்டுக்கு ரிச்சி தெரு. போர்டுக்குச் சீனா. வால்வுக்கு ரஷ்யாவோ ஸ்லோவாக்கியாவோ. மேசையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: கரண்ட் இருக்கும்போது அளந்தால் ஒரு கை பாக்கெட்டில் இருக்க வேண்டும். படலத்தின் 580 வோல்ட் சாது. பவர் சப்ளையில் நிற்கும் 400 வோல்ட் அப்படியல்ல. ஸ்விட்சை அணைத்த பிறகும் பெரிய கண்டென்சர்களில் அது அடைந்து கிடக்கும். அதை வடிக்க ஒவ்வொன்றுக்கும் குறுக்கே ஒரு ரெசிஸ்டன்ஸ் பத்தவைத்து, மீட்டரில் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகே கை வைப்பார்கள். லைடன் ஜாடி ஆளைத் தூக்கியெறிந்ததோடு விட்டது. இந்த ஜாடிக்கு இரக்கம் இன்னும் குறைவு.

அப்புறம் காதைச் சுற்றி அமரும் மெத்தை. உசத்தியான நிலைமின் ஹெட்ஃபோன்களில் அது மென்மையான ஆட்டுத்தோல். செம்மறியாட்டுத் தோலைப் பதப்படுத்தி நாப்பா என்ற மென்தோலாக்குவது ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு தோல் ஷாப்புகளுக்குக் கைவந்த கலை. விங்க்லர் கண்ணாடியோடு அழுத்தி வைத்த தோல் மெத்தை மின்சாரத்தை உண்டாக்கியது. இன்றைய மெத்தை வெளிக்காற்று உள்ளே கசியாமல் தடுத்துத் தாழ்ந்த சுரத்தைக் காப்பாற்றுகிறது. இந்த ஒரு பாகத்தை மட்டும் ராணிப்பேட்டைக்காரர் யாரிடமும் இரவல் கேட்க வேண்டியதில்லை.

புது வரைபடங்கள் இப்போது சிலிக்கன் கார்பைடு மாஸ்ஃபெட்டுக்கு மாறிவிட்டன. 1,700 வோல்ட் தாங்கும் இந்தச் சாமான் சோலார் இன்வெர்ட்டருக்கும் மின்சாரக் காருக்கும் வந்தது; ஆம்ப்காரர்கள் வழக்கம்போல எடுத்துக்கொண்டார்கள். ராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கத்திலேயே 2024 செப்டம்பரில் டாடா கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். மின்சாரக் கார்கள் பெருகி, பழசாகி, பிரித்துப் போடுகிற காலமும் வரும். அன்றைக்கு இந்த ஆம்ப்புக்கு உதிரிப் பாகத்துக்குப் பஞ்சம் இருக்காது, போலிக்கும் இருக்காது.